அந்த ஹெல்மெற்றுக்குள் யார்?

தம்பி, நல்லூர் பின்வீதியில் ஐஸ்கிரீம் உருகி மேசையில் வழியும்வரை நீங்கள் நாலு பேரும் சண்டை பிடித்ததாக எழுதியிருந்தீர். மாஸ் எஃபெக்ட் என்கிற விண்வெளிக் கேம் தொடரின் அடுத்த கேமுக்காக 2023 நவம்பர் 7ஆம் திகதி வந்த சின்னத் துண்டு வீடியோவில், என்7 அடையாளம் போட்ட கோட்டும் முகத்தை முழுதாக மூடிய ஹெல்மெற்றுமாக நடந்து வருகிற ஆள் யார் என்பதுதான் சண்டை. ஒருவர், முதல் மூன்று கேமின் நாயகர் ஷெப்பர்டின் மகன் என்கிறார். ஒருவர், ஷெப்பர்டின் தோழியான அசாரி இனத்து லியாராவின் மகள் என்கிறார். மூன்றாமவர் ஷெப்பர்டே திரும்பி வந்துவிட்டார் என்று சத்தியம் பண்ணுகிறார். நீர், எப்போதும் ஹெல்மெற்றோடு திரிகிற குவாரியன் இனத்து ஆள் என்கிறீர். இதில் எது சரி, இல்லையென்றால் இப்படி ஊகிப்பதே வீண்வேலையா என்று கேட்டிருந்தீர்.

வீண்வேலை இல்லை. ஆனால் நாலு பேரும் ஒரே பிழையை விடுகிறீர்கள். கதைக்குள்ளேயே நின்று ஆளைத் தேடுகிறீர்கள். கதை எழுதுகிறவனுடைய கை எங்கெங்கே கட்டுப்பட்டிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. புதுப் பாத்திரம் ஒன்றை ஊகிக்கும்போது அதுதான் முதல் பார்க்கவேண்டிய விஷயம்.

முதலில் சின்ன விஷயம், கோட். என்7 என்பது மனிதர்களின் படையில் சிறப்புப் பயிற்சியின் கடைசிப் படி. ஷெப்பர்ட் அதை முடித்தவர், அவ்வளவுதான். அவருடைய குடும்பப் பெயர் இல்லை அது. ஆகவே கோட்டைப் பார்த்தவுடன் ஷெப்பர்டின் இரத்தம் என்று முடிவு கட்டத் தேவையில்லை. அதே நேரம், மனிதர் அல்லாத ஒருவர் அதைப் போட்டிருந்தால் அது அவருக்குக் கிடைத்த பட்டம் இல்லை, யாருடையதோ ஞாபகம். அப்பாவின் பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளை மாதிரி.

சரி, குவாரியன். இதை ஒரு நிமிடத்தில் தீர்க்கலாம். வீடியோவை நிறுத்திவைத்துக் கையை வடிவாகப் பாரும். இந்தக் கதை உலகில் மனிதருக்கும் அசாரிகளுக்கும் ஐந்து விரல். குவாரியன், டூரியன், சலாரியன், குரோகன் ஆகிய வேற்றுக்கிரக இனங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று. ஹெல்மெற் எதையும் மறைக்கலாம், கையுறை விரலை மறைக்காது. நிழலையும் நிறத்தையும் வைத்துப் பத்துப் பக்கத்துக்கு ஊகம் எழுதுகிறவர்கள் விரலை எண்ண மறப்பதுதான் எனக்கு எப்போதும் பகிடி. விரலுக்குப் பிறகு தலை. அசாரிகளின் தலையில் முடி இல்லை, பின்னோக்கி வளைந்து போகும் மடல்கள் இருக்கும். அதை உள்ளே வைக்கவேண்டுமென்றால் ஹெல்மெற்றின் பின்பக்கம் நீண்டிருக்க வேண்டும். லியாராவின் மகள் என்கிற உம்முடைய சிநேகிதர் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, பின்மண்டையைப் பார்க்கட்டும்.

இனி ஷெப்பர்டின் மகன். இங்கே கணக்குப் போடவேண்டும், கொஞ்சம் பொறும்.

மூன்றாவது கேமின் போர் 2186இல் நடக்கிறது. ஷெப்பர்ட் பிறந்தது 2154இல். இந்த உலகில் மனிதர் ஏறத்தாழ 150 வயதுவரை இருப்பார்கள். இதே தொடரின் ஆன்ட்ரோமெடா கேமில் போகிற கப்பல்கள் 2185இல் நம் பால்வெளி மண்டலத்தை விட்டுப் புறப்பட்டு 634 வருடம் கழித்து, 2819இல் ஆன்ட்ரோமெடா மண்டலத்துக்குப் போய்ச் சேருகின்றன. 2020 டிசம்பரில் புதுக் கேமுக்காக வந்த முதல் ட்ரெய்லரை மறுபடி பாரும். இரண்டு மண்டலங்களையும் காட்டிவிட்டுத்தான் கமெரா பனி மூடிய ஒரு கிரகத்தில் இறங்குகிறது. அங்கே லியாரா பனிக்குள்ளிருந்து என்7 என்று எழுதிய கவசத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்துச் சிரிக்கிறாள். இரண்டு மண்டலமும் ஒரே கதைக்குள் வருகிறதென்றால் காலமும் 2819ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்று ஒரு பகுதி இரசிகர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஷெப்பர்டுக்கு 665 வயது. மகனும் இல்லை, பேரனும் இல்லை, பூட்டனுக்குப் பூட்டனும் மண்ணாகியிருப்பான்.

ஆனால் லியாரா? முதல் கேம் நடக்கிற 2183இல் அவளுக்கு 106 வயது, அசாரிக் கணக்கில் குமரிப்பிள்ளை. அசாரிகள் ஆயிரம் வருடம் இருப்பார்கள். 350 அளவில் குடும்பப் பருவம், 700க்கு மேலே மூதாட்டிப் பருவம். 2819இல் அவளுக்கு 742. ட்ரெய்லரில் அவள் முகத்தில் வயது கொஞ்சம் தெரிகிறது. அது 742க்கு உரிய வயதா, போர் முடிந்து கொஞ்சக் காலமே போயிருந்தால் வருகிற 150க்கு உரியதா என்பதில்தான் இந்த ஊகமே நிற்கிறது. இன்னொன்று, அசாரி யாரோடு சேர்ந்தாலும் பிறப்பது அசாரிப் பெண்பிள்ளைதான். ஆகவே லியாராவுக்கும் ஷெப்பர்டுக்கும் பிள்ளை இருந்தால் அது நிச்சயம் மகள், அவள் நூற்றாண்டுகளைத் தாண்டி இன்னும் இளமையாகவே இருக்கலாம். மகன் ஊகத்தைவிட மகள் ஊகம் எவ்வளவோ உறுதியானது. கணக்கில் இடிக்காத ஊகம் அது ஒன்றுதான்.

ஆனால் எழுதுகிறவன் கை கட்டுப்பட்டிருக்கிறது என்றேனே, அது இங்கேதான் வருகிறது. இதற்கு ஒரு சொந்தக் கதை சொல்லவேண்டும்.

போர்க்காலத்தில் மூடியிருந்த ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்புக்குப் போய்வருகிற யாரிடமாவது காசைக் கொடுத்து கேம் டிவிடி வாங்குவித்த காலம். எங்களுக்கு மாஸ் எஃபெக்ட் 2 இரண்டு டிவிடியாக வந்தது. முதல் கேம் எனக்குக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என்னோடு ரியூசனுக்கு வந்த சிநேகிதன் ஒருவன் அதை முடித்து, சேவ் பைலைத் தன் கொம்பியூட்டரில் வைத்திருந்தான். ஒருநாள் சைக்கிளில் போகும்போது அவன் ரெக்ஸ் என்கிற குரோகனைப் பற்றிக் கதைத்தான், அவன் தன் குலத்துக்குத் தலைவனாகி அரியாசனத்தில் இருக்கிறானாம். நான் சொன்னேன், ரெக்ஸ் செத்துப்போனான், எனக்கு அங்கே வேறு ஒருவன்தான் இருக்கிறான் என்று. அவன் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றான். வைமன் வீதி முழுக்கச் சண்டை. கடைசியில் இரண்டு பேரும் ஒரே மேசையில் இரண்டு கொம்பியூட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தோம். அவனுடைய திரையில் ரெக்ஸ் இருந்தான். என்னுடையதில் இல்லை. பழைய சேவ் இல்லாமல் தொடங்கினால் ரெக்ஸ் செத்ததாகத்தான் அந்தக் கேம் எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் சரி.

இதுதான் இந்தக் கேமைச் செய்கிற பயோவேர் நிறுவனக்காரர்களின் தலைவலி. மூன்றாவது கேமின் முடிவில், உயிர்களை அறுவடை செய்கிற ரீப்பர்கள் என்கிற இராட்சத இயந்திரங்களை அழிக்கலாம், கட்டுப்படுத்தலாம், உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாக்கலாம், பிறகு சேர்த்த காட்சிகளின்படி எதையும் தேர்ந்தெடுக்க மறுக்கவும் செய்யலாம். ஷெப்பர்ட் இடிபாட்டுக்குள் ஒரு மூச்சு எடுக்கிற காட்சி அழிக்கிற முடிவில் மட்டும்தான், அதுவும் படைபலத்தைப் போதிய அளவு சேர்த்திருந்தால்தான். ஷெப்பர்ட் ஆணா பெண்ணா என்பதே விளையாடுகிறவரின் முடிவு. லியாராவைக் காதலித்தவர்கள் இருக்கிறார்கள், தாலி என்கிற குவாரியன் பெண்ணை, காரஸ் என்கிற டூரியனை, ஒருவரையும் காதலிக்காதவர்களும் இருக்கிறார்கள். அந்த ஹெல்மெற்றைக் கழற்றி "நான் ஷெப்பர்டின் மகள்" என்று ஒருத்தியைச் சொல்ல வைத்தால், லட்சக்கணக்கானவர்களின் திரையில் நடந்ததை ஒரே வரியில் பொய்யாக்கவேண்டி வரும். ரெக்ஸ் விஷயத்தில் நாங்கள் இரண்டு பேர் வைமன் வீதியில் சண்டை பிடித்தோம். இதில் உலகமே பிடிக்கும். மகள் ஊகம் கணக்கில் பாஸ், வியாபாரத்தில் சந்தேகம். ஷெப்பர்டே வந்துவிட்டார் என்பதற்கும் இதே தடைதான், இன்னும் பெரிதாக.

அப்புறம், தடயம் இருந்தால் ஊகம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. இது எல்லாருக்கும் உள்ள வருத்தம், எனக்கும் இருந்தது. இரண்டாவது கேமில் தாலியைக் கூட்டிவர ஹேஸ்ட்ரம் என்ற கிரகத்துக்குப் போகிறோமே, ஞாபகமா? வெயிலுக்குள் கால் வைத்தால் கேடயம் பொசுங்கும். பங்குனி, சித்திரையில் மத்தியானம் பண்ணைப் பாலத்தில் நடக்கிற மாதிரி நிழலுக்கு நிழல் ஓடித்தான் போகவேண்டும். அந்தச் சூரியன் வழமையைவிடக் கெதியாக மூப்படைகிறது, ஏன் என்று ஆராயத்தான் தாலி அங்கே போனாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ரீப்பர்கள் ஏன் உயிர்களை அறுவடை செய்கின்றன என்பதற்கான விடை இந்தச் சூரியனில் இருக்கிறது என்று ஒரு சிஆர் கொப்பியில் எட்டுப் பக்கம் எழுதினேன். மூன்றாவது கேம் வந்தது. சூரியனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

பிறகுதான் தெரிந்தது, நான் முழுப் பைத்தியக்காரன் இல்லை என்று. முதல் கேமின் தலைமை எழுத்தாளர் ட்ரூ கார்பிஷின். இருள் ஆற்றல் பெருகி நட்சத்திரங்களை அழிப்பதும் அதைத் தடுக்க ரீப்பர்கள் முயல்வதும் ஒரு காலத்தில் யோசித்த முடிவுகளில் ஒன்று என்று அவரே பிற்பாடு சொன்னார். அவர் இடையில் வேறு கேமுக்கு மாறிப் போனார், யோசனை கைவிடப்பட்டது, ஹேஸ்ட்ரத்துச் சூரியன் மட்டும் கேமுக்குள் அநாதையாக நின்றுவிட்டது. எழுதியவர்களின் மனதை நான் சரியாக வாசித்திருந்தேன். மனம் மாறிவிட்டது, நான் என்ன செய்ய? நீங்கள் சண்டை பிடிக்கிற துண்டு வீடியோவுக்கும் இது பொருந்தும். அது வந்த அதே வருடம் பயோவேரில் ஆட்குறைப்பு நடந்தது. 2025 தொடக்கத்தில் இன்னும் பலர் போனார்கள், மிஞ்சியிருக்கிற சிறிய அணி மாஸ் எஃபெக்டில் மட்டும் நிற்கிறது. அந்தக் கோட்டை வரைந்தபோது இருந்த யோசனை இன்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நான் பந்தயம் பிடிக்கமாட்டேன்.

இதைவிடப் பெரிய கதை 2012இல் நடந்தது. முடிவு பிடிக்காத இரசிகர்கள், அது உண்மையில் நடக்கவே இல்லை, ரீப்பர்கள் ஷெப்பர்டின் மூளைக்குள் புகுந்து காட்டிய மாயை என்று ஒரு ஊகம் கட்டினார்கள். தொடக்கத்தில் வருகிற சின்னப் பெடியனை ஷெப்பர்டைத் தவிர வேறொருவரும் கவனிப்பதில்லை, கனவுகளில் கரிய நிழல்கள் வருகின்றன, கடைசியில் இடிபாட்டுக்குள் ஒரு மூச்சு. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! இன்றைக்கும் நான் வாசித்த ஊகங்களில் வேலைப்பாடு கூடியது அதுதான். ஆனால் ஜூனில் பயோவேர் இலவசமாக விட்ட நீட்டிய முடிவில் அதற்கு இடம் இல்லை, நடந்தது நடந்ததுதான் என்று காட்டிவிட்டார்கள். கேம் சொன்ன முடிவைவிட இரசிகர்கள் கட்டிய முடிவு நன்றாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். நன்றாக இருப்பதும் சரியாக இருப்பதும் வேறு வேறு.

ஹெல்மெற் என்றதும் தாலியைச் சொல்லாமல் விடமுடியாது. 2007இலிருந்து 2012வரை அவளுடைய முகம் எப்படியிருக்கும் என்று இரசிகர்கள் வரையாத படம் இல்லை. கடைசியில் மூன்றாவது கேமில், அவளைக் காதலித்தால், கட்டில் அருகே ஒரு படம் கிடைக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால், விலைக்கு வாங்கக் கிடைக்கிற ஒரு மொடல் பெண்ணின் புகைப்படத்தில் கொஞ்சம் கைவேலை செய்து வைத்திருந்தார்கள். 2021 மே மாதம் மூன்று கேமையும் புதுப்பித்து விட்டபோது அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். ஐந்து வருடம் எல்லாரும் ஒரு முகத்தைத் தேடினார்கள். அவசரத்துக்கு ஒட்டியது மாதிரி ஒன்றுதான் கிடைத்தது.

என் அம்மப்பாவின் ஊர் வட்டுக்கோட்டைப் பக்கம். அங்கே வடமோடிக் கூத்துப் பார்த்திருக்கிறேன். அரசன் வரவு என்றால் இரண்டு பேர் வெள்ளைச் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் ஆள் ஆடுவான். முன்னால் இருக்கிற எங்களுக்குத் தெரிவது சீலைக்கு மேலே அசைகிற முடியும், கீழே சதங்கை கட்டிய காலும்தான். சின்னப் பிள்ளைகள் நாங்கள் வீமன், துரியோதனன் என்று கத்துவோம். அம்மப்பா கண்ணை மூடிக்கொண்டு அண்ணாவியாரின் மத்தளத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார், ஒருநாளும் பிழைத்ததில்லை. ஒருமுறை அவர் சொன்ன மாதிரியே துரியோதனன்தான் வந்தான், ஆனால் சீலை விலகியபோது நின்றது வழமையாக ஆடுகிற ஆள் இல்லை. அவர் பஸ்ஸைத் தவறவிட்டதால் அவசரமாக வேறொருவரைச் சோடித்து விட்டிருந்தார்கள். அம்மப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தாளம் துரியோதனனுக்கு உரியது, நான் அதைத்தான் சொன்னேன் என்றார்.

இதைத்தான் நானும் செய்யச் சொல்கிறேன். ஆளை ஊகிக்காமல், தாளத்தை ஊகியும். இந்தக் கேமுக்கு என்ன வகையான பாத்திரம் தேவை?

தாளத்தை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்தவர்கள் பட்ட பாடு மற்றக் கேம்களிலும் உண்டு. ஓவர்வாட்சில் 2014இல் வந்த முதல் ட்ரெய்லரிலேயே, அருங்காட்சியகத்தில் டூம்ஃபிஸ்ட் என்கிற பாத்திரத்தின் இரும்புக் கையைக் கண்ணாடிக்குள் காட்டினார்கள். ஆள் வர 2017 ஜூலை ஆனது. இடையில் நடிகர் டெரி குரூஸ்தான் குரல் கொடுக்கவேண்டும் என்று இரசிகர்கள் ஒரு இயக்கமே நடத்தினார்கள், அவருக்கும் ஆசை. கிடைத்தது வேறொருவருக்கு. அந்த வருடம் மார்ச்சில் எல்லாரும் டூம்ஃபிஸ்ட்தான் என்று காத்திருக்க, நாலு காலில் ஒரிசா என்ற இயந்திரம் வந்து நின்றது. அந்த நேரம் அந்தக் கேமுக்குப் பாதுகாத்து நிற்கிற ஆள் குறைவு என்பதைப் பார்த்தவர்கள் அவ்வளவு ஏமாறவில்லை.

ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் இன்னும் மோசம். 2020 ஜனவரியில் ஃபோர்ஜ் என்கிற மல்லனைப் புது வீரன் என்று படம் போட்டு, வரலாறு சொல்லி அறிவித்தார்கள். சில நாளில் வந்த வீடியோவில், அவன் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ரெவனன்ட் என்ற இயந்திரக் கொலைகாரன் குத்திக் கொன்றுவிடுகிறான். உண்மையான புது வீரன் அவன்தான். கேம் பைல்களைக் கிண்டுகிறவர்கள் ரெவனன்ட்டின் பெயரை முன்பே எடுத்திருந்தார்கள். அதிகாரபூர்வமாகச் சொன்னதை நம்பியவர்கள்தான் ஏமாந்தார்கள். அதற்குப் பிறகு நிறுவனம் காட்டுகிற எதையும் அப்படியே விழுங்குவதை நான் விட்டுவிட்டேன்.

சரி, என் ஊகம். அது விளையாடுகிறவருக்கான இடம். புது நாயகர், அதாவது நீரும் நானும். மாஸ் எஃபெக்டில் முகத்தையும் ஆண் பெண் என்பதையும் நாமே தேர்வு செய்கிறோம். அந்தத் தேர்வைக் கெடுக்காமல் நாயகரைக் காட்ட ஹெல்மெற்றைவிடச் சுலபமான வழி ஒன்றும் இல்லை. கோட் பழைய இரசிகர்களுக்கு, மூடிய முகம் புதியவர்களுக்கு. லியாரா இரண்டு காலத்துக்கும் நடுவில் பாலமாக நிற்பாள், அவளுக்குத்தான் ஆயிரம் வருட ஆயுள் இருக்கிறதே. 2022இல் வந்த துண்டில், கப்பல்களை நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பாயவைக்கிற ரிலே ஒன்று கட்டப்படுவதைக் காட்டிவிட்டு, மண்டலத்தை ஆள்கிற கவுன்சில் கோபப்படப்போகிறது என்று சொல்வதும் அவள் குரல்தான். ஆளுக்கு வேலை கொடுக்கிறவள் மாதிரித்தான் எனக்கு அவள் கேட்கிறாள், தாய் மாதிரி இல்லை.

இது பிழைக்கவும் கூடும். இரண்டு விஷயம் இதை முறித்துவிடும். ஒன்று, அந்த ஆளுக்கென்று ஒரு பெயரோ நிரந்தரமான குரலோ அறிவிக்கப்பட்டால். மற்றது, இனி வருகிற படங்களில் அவரும் வேறொரு நாயகரும் ஒன்றாக நின்றால். அப்போது நான் உமக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன், பெரிய கோப்பையில்.

ஷெப்பர்டின் மகன் என்கிறவரிடம் மட்டும் அடுத்தமுறை ஒன்று கேளும்: எந்த வருடத்துக் கதை என்று. வருடம் சொன்னால் கணக்கைப் போடும். சொல்லாவிட்டால் ஐஸ்கிரீம் உருகமுன் சாப்பிடும்.